முப்பத்திரண்டாம் தேதி

சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக ராஜபாளையத்தில் தன் வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவன் பாலகணேஷ். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் சிவரஞ்சனிக்கு எட்டு வயதிலேயே ஸ்கிராட்ச் என்னும் நிரல்மொழியைப் பழக்கியிருந்தான். வண்ணக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் திரையில் பூனை நடக்கும், பேசும். சின்ன வயதிலேயே கோடிங் படித்த பிள்ளைகள் தப்பு வந்தால் பயப்படாது, எங்கே தப்பு என்று தேடும் என்று எதிர்ப்படும் பெற்றோரிடமெல்லாம் சொல்வான். நம்பித்தான் சொன்னான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளி பிள்ளைகளுக்குக் கோடிங் போட்டி வைத்தது. அதற்காகச் சிவரஞ்சனி ஒரு தவளையைச் செய்தாள். அவர்கள் தெருவில் நல்லதண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். கடைசியாக வந்த தேதியைத் தட்டினால், அடுத்து என்றைக்கு வரும் என்று தவளை கத்திச் சொல்லும். மாதக் கடைசியில் மட்டும் அது குழம்பியது. இருபத்தெட்டு என்று தட்டினால், முப்பத்திரண்டாம் தேதி தண்ணீர் வரும் என்றது. இரண்டு வாரமாக அதோடு மல்லுக்கட்டினாள். பாலகணேஷ் எட்டிப் பார்த்தால், தானே கண்டுபிடிப்பதாகச் சொல்லித் துரத்திவிடுவாள்.

போட்டிக்கு முந்தைய நாள் மதியம் அவள் அம்மா நாகஜோதியோடு கடைக்குப் போயிருந்தாள். பாலகணேஷ் அவள் பயன்படுத்தும் வீட்டு மடிக்கணினியைத் திறந்தான். அந்தத் தப்பைச் சரிசெய்ய அவனுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் மற்ற பிள்ளைகள் என்னென்ன கொண்டுவருமோ என்ற நினைப்பு வந்தது. தவளையை எடுத்துவிட்டு மேல்நிலைத் தொட்டி, நான்கு தெருக்களுக்குக் குழாய், தானாக ஓடி நிற்கும் மோட்டார் என்று இரண்டு மணி நேரத்தில் செய்து முடித்தான்.

திரும்பி வந்த சிவரஞ்சனி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் தவளை எங்கப்பா?"

"அதத்தாம்மா பெருசாக்கியிருக்கேன். தவளையக் கொண்டுபோனா அங்க சிரிப்பாங்க."

பழையதைத் திறந்துகாட்டச் சொன்னாள். தேடும்போதுதான், அதன்மேலேயே சேமித்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. வேறு பிரதி கிடையாது. ஏதோ சொல்லிச் சமாளித்தான். அவள் அழவில்லை. என்ன பேச வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்ததை அன்று சாயங்காலம் மனப்பாடம் செய்தாள்.

மறுநாள் நடுவராக வந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. பக்கத்து மேசையில், சுந்தரபாண்டியம் அரசுப் பள்ளியிலிருந்து வந்த முனீஸ்வரி மினிபஸ் நேரம் சொல்லும் நிரலைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது, ஆனால் இது உண்டு என்று காட்டுகிறது, தப்பு எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை என்று அவளே சொன்னாள். பாலகணேஷ் உள்ளூரச் சிரித்துக்கொண்டான்.

நடுவர் சிவரஞ்சனியிடம் வந்தார். அவள் ஒப்பித்ததை முழுக்கக் கேட்டார்.

"இத நீயேதான் செஞ்சியாம்மா?"

சிவரஞ்சனி சுவரோரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். பாலகணேஷ் குனிந்து போனைப் பார்த்தான்.

"நாந்தான் மேடம் செஞ்சேன்."

முதல் பரிசு அவளுக்கு. முனீஸ்வரிக்கு இரண்டாவது. கோப்பையோடு மகளை நிறுத்திப் படமெடுத்து, அங்கேயே வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான்.

திரும்பும் பஸ்ஸில் அவன் போனில் வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. மகளிடம் காட்டப் போனான்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்," என்றாள் அவள். "நீங்க சொல்லல. அதான் நான் பொய் சொன்னேன்."

அவன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். பதினொரு வயதுப் பிள்ளை அத்தனை பேர் முன்னால் அவன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஊர் வந்து இறங்கும்வரை அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகம் இல்லை.

வீட்டில் நாகஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை நடுவருக்குப் போன் செய்தான். நிரல் மகளுடையது இல்லை என்றதும், பரிசு ஆசையில் பிள்ளை செய்துதரக் கேட்டிருக்கும், அதைத் திட்டாதீர்கள் என்றார் அவர்.

"பிள்ள கேக்கல மேடம்," என்றான். "அது செஞ்சத அழிச்சிட்டு நாந்தான் செஞ்சேன்."

அப்படியானால் கோப்பை முனீஸ்வரிக்குப் போக வேண்டும் என்றார் அவர். நானே கொண்டுபோகிறேன் என்றான்.

ஸ்டேட்டஸிலும் உள்ளதை எழுதினான். இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். ஏசியிருந்தால் தேவலை போலிருந்தது.

மறுவாரம் சிவரஞ்சனியையும் கூட்டிக்கொண்டு சுந்தரபாண்டியம் பள்ளிக்குப் போனான். தலைமையாசிரியர் முன்னால் முனீஸ்வரியிடம் கோப்பையைக் கொடுத்து, இது உனக்கு வரவேண்டியது, என் தப்பால் கைமாறிவிட்டது என்றான். பெரிய ஆள் ஒருவர் தன்னிடம் இப்படிப் பேசியதில் அவள் மிரண்டுபோனாள். பிறகு சிவரஞ்சனி பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ செஞ்சது எது?"

சிவரஞ்சனி தவளையைப் பற்றிச் சொன்னாள். தேதி முப்பத்திரண்டு ஆன கதையைக் கேட்டதும் முனீஸ்வரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் ஞாயிற்றுக்கிழமைப் பஸ்ஸும் அதே மாதிரிதான் என்று கம்ப்யூட்டர் அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள். கதவுவரை போன பாலகணேஷுக்கு, திரையில் தப்பு இருக்கும் இடம் அங்கிருந்தே தெரிந்தது. சொல்லாமல் வெளியே வந்து பள்ளி வாசலருகே நின்றான். ஒரு மணி நேரம் கழித்து மகள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமையைச் சரிசெய்துவிட்டார்களாம். அதையும் அவனிடம் சொல்லவில்லை, கூட வந்த தலைமையாசிரியரிடம் சொன்னாள்.

இப்போது தவளையை முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறாள். மடிக்கணினிக்குப் பாஸ்வேர்டு மாற்றிவிட்டாள். அவனுக்கு வேண்டும்போது அவளைக் கூப்பிட்டுத்தான் திறக்கச் சொல்கிறான். அவள் தட்டி முடிக்கும்வரை வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்கிறான்.