அக்கா குப்புறப் படுத்திருந்த நாட்கள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், வயதில் மூத்தவர்கள்கூட. அது ஒரு மென்பொருள் நிறுவனம், அவள் திட்ட மேலாளர். எந்தப் பகுதியை யார் எழுதுகிறார்கள், எந்த வேலை எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, வாடிக்கையாளரிடம் எந்த வார்த்தையை வாய் தவறியும் சொல்லக்கூடாது, குழுவில் யாருக்குப் பசி வந்தால் கோபம் வரும், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை. சந்தேகம் வந்தால் "அக்காவைக் கேளு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

அந்த வருடம் கையில் இருந்தது ஒரு டயாலிசிஸ் மையத்துக்கான மென்பொருள். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்தில் மூன்று முறை வந்து, நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம். யாருக்கு எந்த நாற்காலி, எந்த வேளை என்பதையெல்லாம் தலைமை நர்ஸ் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தார். ஓர் இயந்திரம் படுத்துவிட்டால் போதும், பலகை முழுவதும் தலைகீழாகிவிடும். வந்தவர்கள் வாசல் பெஞ்சிலேயே வாடிப்போய் உட்கார்ந்திருப்பார்கள்.

இயந்திரம் படுத்ததும் மென்பொருளே நோயாளிகளை வேறு இயந்திரத்துக்கு மாற்றிப்போட்டுவிடும் என்பது அக்காவின் யோசனை. மையத்தின் இயக்குநர் அதைக் கேட்டதுமே குளிர்ந்துபோனார். வேலை கைக்கு வந்ததே அதனால்தான். குழுவில் அதற்கு "தானாமாத்தி" என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி.

குழுவில் ஒரு பொறியாளனுக்கு "ஆனா" என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அவன் முதலில் தலையாட்டுவான், பிறகு "ஆனா" என்று ஆரம்பிப்பான். ஒல்லியான ஆள், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், குரலை உயர்த்தவே தெரியாதவன். அதனாலேயே அவனோடு சண்டை போடுவது அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"முடிக்கற தேதி சரிதான்க்கா. ஆனா ஒரு ரெண்டு நாள் நான் அந்த சென்டர்ல போய் உக்காந்து பாக்கணும்."

"எதுக்கு? கேக்க வேண்டியதெல்லாம் நான் கேட்டு எழுதிக் குடுத்துட்டேனே."

"எழுதிருக்கீங்க. ஆனா அவங்க சொல்ல மறந்தது எழுத்துல வராதில்ல."

"நேரம் இல்லப்பா. முதல்ல முடி, அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்று முழுவதும் அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. வேலையைத் தள்ளிப்போட அவனுக்கு எப்போதும் ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மென்பொருள் வெளியீட்டுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது அது நடந்தது. தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று எது இடிக்கிறது என்று ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசும் கூட்டம். அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இறங்கியது. தலைமுடி என்று நினைத்து ஒதுக்கினாள். ஒதுங்கவில்லை. திரைச்சீலை இழுப்பதுபோல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. எதிரே நின்றிருந்தவர்களில் பாதிப் பேருக்கு முகம் இல்லாமல் போனது.

"அக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க பேசுங்க," என்றாள். சொல்லிவிட்டு, பிடித்துக்கொள்ள மேசையைத் தேடினாள்.

விழித்திரை கழன்றிருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை செய்தார்கள். விழித்திரையை அழுத்திப் பிடித்துக்கொள்ளக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைத்திருப்பதாக மருத்துவர் விளக்கினார். குமிழி சரியான இடத்தில் நிற்க வேண்டுமானால் அவள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதுகூடத் தலை குனிந்தே இருக்க வேண்டும். கணினி, போன், புத்தகம் எதுவும் கூடாது.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அவளுடைய கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். கறார் பேர்வழி. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளுடைய போனை வாங்கி எங்கோ ஒளித்துவைத்தார். படுக்கையில் மார்புக்குக் கீழே இரண்டு தலையணை, கட்டில் விளிம்பில் நெற்றிக்கு ஒரு சுருட்டிய துண்டு. அக்காவின் உலகம் ஒரு பாய் அளவு தரையாகச் சுருங்கிவிட்டது. வருகிறவர்களைக் கால் பார்த்துத்தான் அடையாளம் கண்டாள். கணவரின் குதிகால் வெடிப்பை இத்தனை வருடத்தில் அப்போதுதான் கவனித்தாள்.

"ஒரே ஒரு போன் பண்ணிக்கறேங்க. என் குரலைக் கேக்கலேன்னா அங்க ஒரு வேலையும் ஓடாது."

"ஓடலேன்னா நிக்கட்டும். கண்ணு போச்சுன்னா வருமா?"

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே மனக்கணக்குப் போட்டாள். கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, சோதனையை யார் முடிப்பார்கள், இயக்குநர் கூப்பிட்டால் யார் பேசுவார்கள். எந்தக் கேள்விக்கும் தன் பெயரைத் தவிர வேறு பெயர் வரவில்லை. பெருமையாக இருந்த விஷயம் இப்போது பயமுறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. கட்டிலருகே வந்து நின்ற காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஒரு சின்ன ஓட்டை.

"வாப்பா," என்றாள். "காலை வெச்சு உன்னைக் கண்டுபிடிக்க முடியல. பேசு, தெரிஞ்சுக்கறேன்."

"நான்தான்க்கா. உடம்பு இப்போ பரவால்லையா? ஆனா..."

"தெரிஞ்சுபோச்சு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்போதும் அவளுக்குக் கால்தான் தெரிந்தது. சிறிது நேரம் தயங்கியவன், இறங்கித் தரையில் உட்கார்ந்தான். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் கட்டில் ஓரமாக, அவள் முகத்துக்கு நேர் கீழே, தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். காப்பி கொண்டுவந்த கணவர் அந்தக் காட்சியைப் பார்த்து ஒரு கணம் நின்றார். ஒன்றும் கேட்காமல் தம்ளரை அவன் தலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"இப்ப தெரியுதாக்கா?"

"நல்லாத் தெரியுது. சொல்லு."

"தானாமாத்திய எடுத்துட்டோம்க்கா."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. குனிந்திருந்ததால் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"கேக்க நீங்க இல்லையேக்கா."

"அதுக்காகத்தானே அந்த மனுஷன் நமக்கு வேலையே குடுத்தாரு. அது இல்லாம என்னத்தைக் கொண்டுபோய்க் குடுப்பே?"

அவன் கூரையையும் அவளையும் பார்த்தபடி நிதானமாகச் சொன்னான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள், கேட்க யாரும் இல்லாததால், அவனாகவே மையத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். தலைமை நர்ஸோடு சேர்ந்து மென்பொருளைச் சும்மா ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஓர் இயந்திரம் கெட்டுவிட்டதாகக் குறித்ததும், அதிலிருந்த நோயாளியைத் தானாமாத்தி பக்கத்து அறையில் காலியாக இருந்த இயந்திரத்துக்கு மாற்றியது. நர்ஸ் பதறி எழுந்துவிட்டார். அந்த நோயாளிக்கு ரத்தத்தில் காமாலைக் கிருமி இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கென்று தனி அறையில் தனி இயந்திரங்கள் உண்டு. மற்றவர்கள் உட்காரும் இயந்திரத்தில் அவர்களை உட்காரவைக்கவே கூடாது.

"நம்ம குறிப்புல 'காலியா இருக்கற எந்த இயந்திரமும்'னு இருந்துச்சுக்கா. அவங்க சொல்லல, ஏன்னா அவங்களுக்கு அது மூச்சு விடற மாதிரி. மூச்சு விடறோம்னு யாராவது எடுத்துச் சொல்வாங்களா?"

அந்த வரியை எழுதியது அக்காதான். எழுதிய மேசை, பக்கத்தில் ஆறிப்போயிருந்த தேநீர், எல்லாம் ஞாபகம் வந்தது. யாரோ ஒரு மனிதர், வேறொருவருக்கு இருந்த நோயைத் தெரியாமலே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அந்தத் தானாமாத்தியை முடுக்கிவிட, திரையில் அவள் ஒரு அழகான பச்சை நிறப் பொத்தான் வேறு வைத்திருந்தாள்.

"அப்புறம்?" என்றாள், குரல் இறங்கி.

"அட்டவணை மட்டும் முதல்ல போகட்டும்னு எல்லாருமா பேசினோம். யாருக்கு என்னிக்கு, எந்த நாற்காலி, வீட்டுக்கு முன்கூட்டியே செய்தி. அவ்வளவுதான். அதுவும் பாதி நாற்காலிக்கு மட்டும். பலகை சுவத்துலயே இருக்கும். நம்மது தகராறு பண்ணினா அவங்க பலகைக்குத் திரும்பிடலாம். தேதி மாறல."

"டைரக்டர்கிட்ட யார் சொன்னது?"

"நான்தான் போனேன்."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். குரல் உயர்த்தத் தெரியாத இந்த ஆள், மேசையைத் தட்டிப் பேசும் அந்த மனிதர் முன்னால் போய் நின்றதைக் கற்பனை செய்ய முயன்றாள்.

"கத்தினாரா?"

"நல்லாவே கத்தினாரு. ஏமாத்தறீங்கன்னாரு. நர்ஸம்மா கூட வந்து நின்னாங்க, அதான் தெம்பு. கடைசில 'உங்க மேடம் இருந்தா இப்படிப் பண்ணுவாங்களா'ன்னு கேட்டாரு. அக்கா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாங்கன்னு சொன்னேன். அடங்கிட்டாரு."

பேசினால் அழுகை வரும், அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். தான் இருந்திருந்தால் அவனை மையத்துக்கே விட்டிருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். குறை கண்டுபிடிக்கப்பட்டிருந்தாலும் தேதியைக் காட்டி, ஒட்டுப்போட்டு, எப்படியாவது தானாமாத்தியை உள்ளே தள்ளியிருப்பாள் என்பதும் தெரியும்.

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள் கடைசியில்.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் ஏன் சொன்னே?"

"உங்க பேரைச் சொன்னாதானே அவரு கேப்பாரு. அதுவும் நீங்க சம்பாதிச்சு வெச்ச பேர்தானே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கிலிருந்து ஒரு சொட்டு அவன் சட்டையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்க்காததுபோல இருந்துவிட்டார்கள். "எந்திரிச்சு காப்பியைக் குடி, ஆறிடும்," என்றாள்.

வெளியீட்டு நாளுக்குள் மருத்துவர் அவளை நிமிர அனுமதித்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கணவரின் கையைப் பிடித்து மையத்துக்குப் போனாள். வேலை எதுவும் செய்யக்கூடாது என்பது ஒப்பந்தம். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் ஒருவருடைய பெயர் இரண்டு நாற்காலியில் வந்தது. பழைய அக்காவாக இருந்திருந்தால் பாய்ந்து உள்ளே போயிருப்பாள். உள்ளே ஆனாவின் குரல் கேட்டது, நர்ஸின் குரல் கேட்டது, யாரோ சிரிப்பது கேட்டது. சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. யாரும் அவளைத் தேடி வரவில்லை.

மனத்தில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் முள்ளுக்குப் பின்னாலேயே, தலையில் சுமந்த மூட்டையை இறக்கிவைத்ததுபோல ஒரு நிம்மதியும் வந்தது.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு தையற்காரம்மா தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். கையில் பழைய ஊசித் தழும்புகள் முடிச்சு முடிச்சாக இருந்தன.

"நீங்களும் இங்க வர்றவங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இந்தப் புது ஏற்பாட்டைச் செஞ்ச ஆபீஸ்ல வேலை பாக்கறேன்."

"அப்படியா. அடுத்த வாரத்துக்கு எனக்கு எந்த வேளைன்னு இன்னைக்குக் காலையிலேயே போன்ல வந்துடுச்சும்மா. இத்தனை வருஷமா இங்க வந்துதான் தெரிஞ்சுக்குவேன். உடனே ஒரு கல்யாணத் துணிக்கு இந்த நாள் தர்றேன்னு தைரியமா வாக்குக் குடுத்தேன். நல்லா இருக்கணும் நீங்க."

"நான் செய்யலீங்க," என்றாள் அக்கா. உள்ளே கை காட்டினாள். "அதோ, ஒல்லியா நிக்கறாரே, அவரும் அவரோட ஆளுங்களும் செஞ்சாங்க. அவருக்குச் சொல்லுங்க."

அந்தம்மா எழுந்துபோய்ச் சொல்லவும் செய்தார். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது அக்காவுக்கு மங்கலாகத் தெரிந்தது. இடது கண்ணில் நேர்கோடுகள் இன்னும் அலை அலையாக நெளிந்தன. அது அப்படியேதான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மிச்சம் கிடைத்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மட்டும் மனத்தில் வைத்து நினைத்ததல்ல அது.

வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே இயக்குநரைப் போய்ப் பார்த்து, காமாலை இயந்திர விஷயத்தில் குறிப்பு எழுதியது தான் என்று சொன்னாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். சின்ன வேலையாகத் தொடங்கியது தன் நர்ஸுகளுக்குத் தோதாக இருப்பதாகவும் ஒப்புக்கொண்டார். தானாமாத்தி சில மாதங்கள் கழித்து, நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விதியாகச் சொல்லச் சொல்ல, மறுபடி எழுதப்பட்டது. அதுவும் தானாக மாற்றாது. மாற்றலாமா என்று கேட்கும், நர்ஸ் சரி என்றால்தான் மாற்றும்.

அந்த வேலையின் பொறுப்பை அக்கா ஆனாவிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது, குழு முழுவதும் நின்றிருந்த காலைக் கூட்டத்தில், தன் தலைக்குள் இருந்த ஒவ்வொன்றையும் யார் யாரிடம் ஒப்படைக்கப்போகிறாள் என்று சொன்னாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ எனக்குப் பண்ணினதை நான் எல்லார் முன்னாலயும் சொல்லணும்பா," என்றாள். "நான் பாக்காம விட்டதை நீ போய்ப் பாத்தே. அதுக்கு நன்றி."

அவன் தலையாட்டினான். இந்த முறை "ஆனா" வரவில்லை. காது மடல் சிவக்க, தன் இடத்துக்குப் போய்க் கணினியைத் திறந்தான். அக்கா மற்றவர்களைப் பார்த்து, "சரி, இன்னைக்கு யாருக்கு என்ன இடிக்குது, சொல்லுங்க," என்று சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள்.