ரெண்டு வயசுக்கு என்ன தெரியும்

லூர்துராணியின் தங்கை லிசி பிரசவத்தில் இறந்தபோது குழந்தையை வாங்கிக்கொள்ள வேறு கை இல்லை. லிசியின் புருஷன் ஜெபராஜுக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். அதனால் அனிஷா பாலக்கரையில் பெரியம்மா வீட்டிலேயே வளர்ந்தாள். பெரியம்மா என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா என்றே கூப்பிட்டாள். லூர்துராணிக்கும் அவள் கணவர் சகாயநாதனுக்கும் பிள்ளைகள் இல்லை.

அனிஷாவுக்கு இரண்டு வயது நிறைந்த சமயத்தில் ஜெபராஜ் மறுமணம் செய்துகொண்டான். ஈஸ்டர் முடிந்ததும் குழந்தையை அழைத்துப் போவதாகச் சொன்னான்.

"என் பொண்ணு என்கிட்ட வளரணும்ல, அக்கா."



"அவளுக்கு என்ன தெரியும்? ரெண்டு வாரத்துல மறந்துடுவா," என்றார் சகாயநாதன். தனக்கே சொல்லிக்கொள்வது போலிருந்தது.

சளிக்காகத் தென்னூர் டாக்டரம்மாவிடம் தூக்கிப்போனபோது குழந்தைக்கு இது புரியுமா என்று லூர்துராணி கேட்டாள்.

"இந்த வயசுல பேசறதைவிட ரொம்ப அதிகமாப் புரியும்மா," என்றார் டாக்டர். "சொல்லாம அனுப்பாதீங்க. ஆனா அடுத்த வாரம், அடுத்த மாசம்னா பிடிபடாது. ஆளைக் காணோம்னா தேடத் தெரியும். இனிமே வரமாட்டாங்கன்னா என்னன்னு தெரியாது."

"அப்ப எப்படிச் சொல்றது டாக்டர்?"

"சின்னச் சின்ன வார்த்தையாச் சொல்லிப் பாருங்க. அவ்வளவுதான் முடியும்."

அன்று சாயங்காலமே சொல்லிப் பார்த்தாள்.

"அனிஷா அப்பா வீட்டுக்குப் போகப் போறா."

குழந்தை ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துவந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். "போலாம்." பிறகு எழுந்துபோய் லூர்துராணியின் செருப்பையும் இழுத்துவந்தாள். "அம்மா, போலாம்."

அம்மா வரவில்லை என்பதை எந்தச் சின்ன வார்த்தையில் சொல்வதென்று தெரியவில்லை. தெருமுனைவரை தூக்கிப்போய் ஒரு பன் வாங்கிக்கொடுத்துத் திரும்பினாள். அடுத்தடுத்த நாட்களிலும் இதேதான் நடந்தது.

ஜெபராஜ் காரோடு வந்தபோது அவனுடைய புது மனைவி மெர்சியும் வந்தாள். குரல் உயராத பெண். அவளை வெறுக்கவும் லூர்துராணிக்கு வழியில்லாமல் போயிற்று.

"நீங்க எதிர்ல நின்னா கார்ல ஏறமாட்டா அக்கா," என்றான் ஜெபராஜ். "கிளம்புற நேரம் கொஞ்சம் உள்ள இருந்துக்குங்க."

"சொல்லிட்டு அனுப்பணும்னு டாக்டர் சொன்னாங்க தம்பி."

"சொன்னா கத்துவா. உனக்கும் தாங்காது," என்றார் சகாயநாதன்.

அவள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வெளியே பெட்டியை இழுக்கும் சத்தம். பிறகு சின்னக் காலடிகள் அறைக்கு அறை ஓடின. "அம்மா?" கதவுக்கு அடியில் நிழல் வந்து நின்றது. உடனே ஒரு சிரிப்பு. குளிப்பாட்டக் கூப்பிடும்போதெல்லாம் இருவரும் ஒளிந்து விளையாடுவார்கள். இதுவும் அந்த விளையாட்டுதான் என்று குழந்தைக்குப் புரிந்திருந்தது.

கதவைத் தட்டினாள். "அம்மா, கண்டுபிச்சேன். வா."

லூர்துராணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். கை தாழ்ப்பாள்வரை போயிற்று. அதற்குள் ஜெபராஜ் வந்து தூக்கிவிட்டான். அப்போதும் அனிஷா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கார் நகர்ந்த பிறகுதான் அழுகை கேட்டது. கொஞ்ச தூரத்தில் அதுவும் கேட்கவில்லை.

ஓசூரில் முதலில் சரியாகச் சாப்பிடவில்லை என்றார்கள். தூங்கி எழுந்ததும் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள் என்றார்கள். அப்புறம், இப்போது தட்டுவதில்லை, பழகிவிட்டாள் என்றார்கள்.

பள்ளிக்கூடங்கள் திறந்த சமயத்தில் ஜெபராஜ் வீடியோவில் கூப்பிட்டான். மெர்சியின் மடியில் அனிஷா உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"பாப்பா, யாரு பாரு."

குழந்தை பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மெர்சியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மறந்துட்டா போல அக்கா," என்றான் ஜெபராஜ், ஆறுதலாகத்தான்.

"அனிஷா," என்று லூர்துராணி கூப்பிட்டாள்.

அந்தச் சின்ன முதுகு விறைத்தது. திரும்பவில்லை. மறதியா, கோபமா என்று கேட்டால் சொல்ல அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அது வரும்போது இந்தப் பாலக்கரை வீடே அவள் நினைவில் இருக்காது.

"இனிமே வீடியோல வேண்டாம் தம்பி," என்றாள் லூர்துராணி. "குழந்தையைப் போட்டுக் குழப்பாதீங்க."

"என்ன சொன்னா?" என்று கேட்டபடி சகாயநாதன் உள்ளே வந்தார்.

"நல்லா இருக்கா. முடி வெட்டியிருக்காங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.