கறுப்பாக விழுந்த கோடு

ஐந்தரைக்கு மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். பால் காய்ச்சினான். வாசலைக் கழுவிவிட்டான். தன் சட்டையைத் தேய்த்து முடித்து, அவளுடைய நீலச் சுடிதாரை எடுத்து விரித்தான். பதினொரு மணிக்கு உடலைத் தருவோம், உடுத்த ஒரு துணி கொண்டுவாருங்கள் என்று மருத்துவமனையில் நேற்றே சொல்லியிருந்தார்கள்.

அவளுடைய தங்கை பின்னால் வந்து நின்றாள்.

"குடுங்க மாமா, நான் தேய்க்கிறேன்."

"ஆச்சு."

"கையில மடிப்பு போகல."

"எப்படியும் முழங்கை வரைக்கும் சுருட்டி விட்டுக்குவா. வெளிய தெரியாது."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. சுரங்க மேலாளர் இறங்கினார். கூடவே, நிலவியலாளரான அவள் பாறை மாதிரி எடுத்த பள்ளத்தின் மேல் நின்று மாதிரிப் பைகளைக் கட்டித் தரும் ஆளும் வந்து கேட்டருகே நின்றுகொண்டார். மேலாளருக்கு நாற்காலி போட்டு, டீயும் கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய சித்தப்பாதான்.

"இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி தம்பி," என்று மேலாளர் தாளை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா ஆஸ்பத்திரிக்கு எங்க வண்டியே போயிடும். நீங்க அலைய வேண்டாம்."

அவன் படித்தான். பொன்னிறக் கல் ஒன்றை எடுக்கும் பொருட்டு, யாரிடமும் சொல்லாமல் வெட்டுப்பள்ளத்தில் இறங்கியபோது மண் சரிந்து இறந்தார் என்று தட்டச்சு செய்திருந்தது. இரண்டாவது முறை படித்தான். எழுத்து மாறவில்லை.

"பாக்கெட்டுல இருந்துச்சு," என்றார் மேலாளர், தணிந்த குரலில். "நாங்க அதைப் பெரிசு பண்ணல."

சித்தப்பா உச்சுக் கொட்டினார். "தங்கம்னா யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? சின்னப் பொண்ணு, பாவம்."

"கல்லைக் காட்டுங்க."

"இப்ப எதுக்குத் தம்பி அதெல்லாம்..."

"காட்டுங்க சார்."

பிளாஸ்டிக் உறையிலிருந்து கல் வெளியே வந்தது. எலுமிச்சை அளவு. வெள்ளைப் படிகக்கல்லில் மஞ்சள் துண்டுகள் சதுரம் சதுரமாகப் பளபளத்தன. சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடினார். "அடேயப்பா!"

அவள் பாக்கெட்டில் கல் இல்லாத நாளே கிடையாது. வாரத்துக்கு ஒன்றாவது துணி துவைக்கும் மெஷினில் விழுந்து கடகடவென்று உருளும். 'உன் சம்பளம் உருளுது பாரு' என்று அவன் கத்துவான்.

மேலாளரின் டீயைத் தரையில் ஊற்றினான். அவள் வீட்டில் செய்து காட்டியிருந்தது போல, கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு படாமல் சொரசொரப்பாக இருந்த விளிம்பில் கல்லின் மஞ்சளை அழுத்தி இழுத்தான். கரிக்கோடு போல ஒரு கறுப்பு விழுந்தது.

"தங்கமா இருந்தா கோடு மஞ்சளா விழும் சித்தப்பா. இது இரும்பும் கந்தகமும். அந்த மலையில ரோடு போடவே இதைத்தான் கொட்டுறாங்க."

சித்தப்பா கோப்பையை வாங்கி, விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார். விரலைப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார்.

"அங்க தங்கம் கண்ணுக்கே தெரியாது," என்றான் அவன். "வெள்ளி மாதிரி ஒரு கனிமம் இருக்கு. சுத்தியலால தட்டினா பூண்டு வாசம் அடிக்கும். அதுக்குள்ள தூசிக்குத் தூசியா ஒளிஞ்சிருக்கு. ஒரு டன் பாறையை அரைச்சா ரெண்டு கிராம். அதைப் போய் ஒருத்தி பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வந்துட்டாளா? சார், நீங்க இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாது?"

தரையில் ஊற்றிய டீ மேலாளரின் செருப்பை நோக்கி மெல்ல ஓடியது. அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"கல்லு எதுவா வேணா இருக்கட்டும் தம்பி. இறங்கச் சொல்லி யாரும் சொல்லலையே. அவங்களா இறங்கினாங்க."

"சொன்னீங்க."

கேட்டருகே நின்ற, பைகளைக் கட்டும் பைக்காரர்தான்.

"நீ போய் ஜீப்புல உக்காரு."

அவர் உட்காரப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "பக்கச் சுவர்ல விரிசல் விழுந்திருக்கு, முட்டு வைக்காம இறங்க முடியாதுன்னு மேடம் மூணு நாளா சொன்னாங்க. மரம் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் உக்காந்துக்கிட்டு இருப்பீங்களான்னு இவரு போன்ல சத்தம் போட்டாரு. ஸ்பீக்கர்ல இருந்துச்சு. நான் கேட்டேன்."

"நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேண்டாமாய்யா உனக்கு?"

"வேண்டாம் சார்."

மேலாளர் எழுந்தார். தாளை எடுக்கக் கை நீட்டினார். அவன் அதன் மேல் கல்லை வைத்தான்.

"இது இங்க இருக்கட்டும்."

"அப்ப வண்டி வராது."

"நான் கூட்டிட்டு வருவேன்," என்றாள் தங்கை, அடுக்களை வாசலிலிருந்து. "எங்கக்காவை ஆட்டோவுல வச்சாவது நான் கூட்டிட்டு வருவேன். நீங்க கிளம்புங்க."

ஜீப் கிளம்பிப் போனது. சித்தப்பா கந்தலை எடுத்து வந்து, குந்தி உட்கார்ந்து, டீயைத் துடைத்தார்.

அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தேதியைப் போட்டான்.

"மொதல்ல இருந்து சொல்லுங்கண்ணே. நடந்ததை மட்டும். மத்தது வேண்டாம்."

பைக்காரர் சொன்னார். பளபளக்கிற படிகக்கல் பள்ளத்தின் கடைசியில், முப்பதாவது மீட்டரில் இருந்தது; அவள் அதுவரை போகவே இல்லை. அதை மட்டும் வெட்டி எடுத்து வரத்தான் உத்தரவு. பக்கத்துச் சாதாரணப் பாறையையும் சேர்த்து, மீட்டருக்கு ஒரு பையாக வரிசையாக எடுத்தால்தான் தங்கக் கணக்கு உண்மையாக இருக்கும் என்று அவள் முதல் மீட்டரிலிருந்து தொடங்கியிருந்தாள். எட்டாவது பை கட்டும்போது தண்ணீர் கேட்டாள். பன்னிரண்டாவதில் சுத்தியலின் பிடி ஆடியது, ஆப்பு அடித்துக் கொடுத்தார்.

அவன் ஒவ்வொன்றாக எழுதினான்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல சார். ஒரு பையை மேல தூக்கிக் குடுத்தாங்க. நான் வாங்கித் திரும்பறதுக்குள்ள மண்ணு சரிஞ்சிடுச்சு."

"ஏதாவது சொன்னாளா?"

பைக்காரர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"சொன்னாங்க. 'பதினாறு ஆச்சு. அடுத்த பை குடுங்கண்ணே.'"