இடது பக்கத்து சுவிட்ச்

கடைசிக் கிளிப்பும் டக்கென்று விட்டதும் முன்முகக் கிரில் முழுவதுமாக ஜஸ்லாவின் மடியில் சரிந்தது. லொறியின் முன்னால் மண்டியிட்டிருந்தவள் பதறிப்போய் இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டாள்.

"ஒடச்சிட்டேனா?"

"இல்ல, அது அப்பிடித்தான் வரும். உடுப்புக் கழுவுற கல்லுல சாத்தி வை," என்றான் நுஹ்மான். பிளாஸ்டிக் கதிரையை லொறிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய இடது கை, யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் போல மடியில் கிடந்தது.

கிரில் இருந்த இடத்தில் லொறியின் உட்புறம் திறந்துகொண்டு நின்றது. காய்ந்த தும்பிச் சிறகுகள், வைக்கோல் துரும்புகள், எந்த ஊருடையதோ சிவப்பு மண். கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து இந்த லொறியை இவள் பார்க்கிறாள். அதன் கண்ணாடியைக் கழுவியிருக்கிறாள், சீட்டைத் துடைத்திருக்கிறாள், மகள் றுஸ்னாவுக்கு அதன் படியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டியிருக்கிறாள். முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பழந்துணியால் அந்த இடத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

வில்கமுவப் பக்கத்துக் கமக்காரர்களிடம் பூசணியும் கத்தரியும் பயற்றங்காயும் ஏற்றி வந்து மாத்தளைக் கடைகளுக்குப் போடுவது நுஹ்மானின் தொழில். போன வருடம் ஒரு நாள், பொழுது மங்கி வருகிற நேரம், சுமையோடு திரும்பும்போது காட்டு வளைவில் வீதிக்குக் குறுக்கே யானை நின்றது. வெட்டித் திருப்பியதில் லொறி மதகுக் கட்டில் மோதி வயலுக்குள் சரிந்தது. நசுங்கிய டேஷ்போர்டுக்குள் இடது கை மாட்டிக்கொண்டது. யானை ஓடவுமில்லை, அவனைத் தொடவுமில்லை. கொட்டிக் கிடந்த பூசணிக்காய்களை ஒவ்வொன்றாக மிதித்து உடைத்து, அவசரமில்லாமல் ஆறுதலாகத் தின்றது. ஆட்கள் வந்து விரட்டும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

நலம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அவன் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். "தின்னு முடிச்சிட்டு என்னயப் பாத்திச்சி பாருங்க. காசு கேக்கப் போறான்டு நெனச்சீக்கும், மத்தப் பக்கம் திரும்பிட்டு." வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தேத்தண்ணி கொண்டுவரும் ஜஸ்லாவுக்குச் சிரிப்பு வராது. அன்று அவளுக்கு வந்த தொலைபேசி அழைப்பில், முன்பின் தெரியாத ஒரு கமக்காரர் சிங்களத்தில் சொன்ன முதல் வார்த்தை, "பயப்பட வேண்டாம், ஆளுக்கு உயிர் இருக்கிறது" என்பதுதான். நல்ல மனிதர், நல்ல செய்தியைத்தான் முதலில் சொன்னார். ஆனால் தன் புருஷனுக்கு உயிர் இருக்கிறது என்பதை வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்ட அந்தக் கணத்திலிருந்து அவளால் வெளியே வர முடியவில்லை. சமையலறையில் தொலைபேசி அடித்தால் இன்றைக்கும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுப்பாள்.

லொறியை நிமிர்த்தி, தட்டி, சாயமடித்துக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டார்கள். கைக்கு இரண்டு ஒபரேஷன். விரல்கள் மடங்கின, பெருவிரல் மட்டும் சொல்கேட்கவில்லை. ஜஸ்லா உக்குவளையில் மிளகும் கராம்பும் பொதி செய்யும் இடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்படி நாள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நுஹ்மான் டவுனிலிருந்து ஒரு நீளமான பெட்டியோடு வந்தான். உள்ளே முழ நீளத்தில் கறுப்பாக ஒரு எல்.ஈ.டி. லைட் பார், தேன்கூட்டு அறைகள் மாதிரி வரிசையாகக் கண்ணாடி.

"கிரில்லுக்கு உள்ள போடப் போறோம்," என்றான். "வெளிய பூட்டினா கொப்பு தட்டி ஒடையும், களவும் போகும்."

அந்தப் 'போறோம்' அவளுக்கு உறைத்தது. கடையில் கொடுத்தால் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முடித்துத் தருவார்கள். ஆனால் இந்த லொறியில் வேறொருவன் வயர் இழுப்பதை அவன் ஒருநாளும் பொறுத்ததில்லை. இப்போது அவனுக்குக் கையில்லை. அதனால் இவள் கை.

அவன் சொல்லச் சொல்ல இவள் செய்தாள். பிளாஸ்டிக்கில் பூட்டாதே, குலுக்கலுக்குத் தாங்காது, பின்னாலிருக்கும் இரும்புச் சட்டத்தில் பூட்டு. கொஞ்சம் கீழே இறக்கு, இல்லாவிட்டால் எதிரே வருகிறவன் கண்ணில் குத்தும். காற்றுப் போகிற வழியை மறைக்காதே. 'ட' வடிவ இரும்புத் தகடுகளைச் சட்டத்தில் வைத்து நட்டு முறுக்கும்போது ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டி உரசியது. "யா அல்லாஹ்," என்று கையை உதறினாள். நுஹ்மான் கதிரையிலிருந்து பாதி எழுந்து, வலது கையால் அவள் விரலைப் பிடித்து ஊதினான். பிறகு இருவரும் எதுவும் நடக்காதது போல வேலையைப் பார்த்தார்கள்.

அவளுடைய தொலைபேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. அவளுடைய மூத்த சகோதரன், அன்ஸாப் நானா அனுப்பிய செய்தி: *ஆள் அஸருக்குப் பொறகு வாறாரு. மச்சான்ட செல்லிட்டியா?*

சொல்லவில்லை. அதுதான் காலையிலிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. தம்புள்ளையில் ஒருவர் வாங்குவதற்கு லொறி தேடுகிறார் என்று அன்ஸாப் சொன்னபோது, "கூட்டிட்டு வாங்க" என்றவள் இவள்தான். லொறி போய்விட்டால் இவர் ஒரு கடை கிடை பார்த்து உட்கார்ந்துவிடுவார், மஃரிபுக்கு வீட்டில் இருப்பார், இருட்டுகிற நேரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததில் பிழையிருப்பதாக இன்றுவரைக்கும் அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் ஆள் வருகிற அன்றைக்கே அவன் இந்தப் பெட்டியைப் பிரிப்பான் என்று யார் கண்டது?

"என்ன மெஸேஜா?"

"நானா. பொறகு பாப்போம்."

பெட்டரியிலிருந்து வயரைச் சட்டத்தின் இடது ஓரமாகக் கொண்டுவந்து, பியூஸும் ரிலேயும் வைத்து, ஒரு நுனியை லைட்டுக்கும் மற்றதைக் கெபினுக்குள் சுவிட்சுக்கும் இழுக்க வேண்டும். உள்ளே போகும் வயரை ஓட்டையால் தள்ளிவிட்டு ஜஸ்லா கெபினில் ஏறினாள். சீட்டுக்குக் கீழே குனிந்து நுனியைப் பிடித்து இழுத்தாள். ஸ்டியரிங் பக்கத்துக்கு எட்டவில்லை. நிமிரும்போதுதான் கியர் கம்பியைப் பார்த்தாள்.

அதன் உருண்டைத் தலையில் சைக்கிள் டியூப்பைப் பட்டை பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தது. தேங்காய்ச் சிரட்டை அளவுக்குத் தடித்திருந்தது. உள்ளங்கை படும் இடத்தில் ரப்பர் தேய்ந்து மினுமினுத்தது. ஒரு நாள் இரண்டு நாளில் வருகிற தேய்மானமில்லை அது.

பகலில் வீட்டுக்குள் புழுக்கம் என்று சொல்லிவிட்டு லொறிக்குள் போய்ப் படுப்பான். இவள் வேலைக்குப் போய்விடுவாள். படுக்கவில்லை போலிருக்கிறது.

"இது எப்ப சுத்தினீங்க?"

நுஹ்மான் கதவருகே வந்து நின்றான். திருடும்போது பிடிபட்டவனைப் போல முகம் சிவந்தது. "கொஞ்ச நாளாகுது."

"மாத்திக் காட்டுங்க."

அவன் மறுபக்கம் சுற்றி வந்து ஏறி உட்கார்ந்தான். இடது கையைத் தூக்கி ரப்பரின்மேல் வைத்தான். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நான்காவதுக்கு விரல்கள் உதவவில்லை, உள்ளங்கையின் அடியால் அழுத்தித் தள்ளினான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நின்றுகொண்டிருந்த லொறி எங்கும் போகவில்லை. ஆனால் அவன் கண் கண்ணாடிக்கு வெளியே ஏதோ வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யானைக்கிப் பயமில்ல ஜஸ்லா," என்றான். "அது நின்ட எடத்துல நின்டிச்சி, பாவம். எனக்கிப் பயம் என்னத்துக்குன்டா, நான் அதக் காணல்ல. காடும் மரமும் அதும் எல்லாம் ஒரே நெறம். கிட்டப் பெய்த்துத்தான் கண்டேன். அந்த எடத்துல ஒரு மனுசன் நின்டீந்தா?"

இதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. பூசணிக்காய்க் கதையில் இது ஒரு தடவையும் வந்ததில்லை. ஜஸ்லா பக்கத்துச் சீட்டில் வயர் நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இனியும் மறைத்து வைத்திருக்க முடியாது.

"லொறிய விக்கிறதுக்கு ஆள் வரச் செல்லீக்கிறேன். இன்னக்கி."

அவன் கை கியரிலேயே இருந்தது. "எனக்கி ஒரு வார்த்த செல்லல்ல."

"நீங்க எனக்கிச் செல்லிட்டா இதப் பழகினீங்க?"

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. நுஹ்மான் இறங்கி, கைகால் கழுவி ஒளு செய்யப் போய்விட்டான். அவள் வயரை விடாமல் அங்கேயே இருந்தாள்.

அன்ஸாப்பும் தம்புள்ளைக்காரரும் வந்தபோது நுஹ்மான் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தான். ஸலாம் சொன்னான். வந்தவர் லொறியைச் சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார், குனிந்து கிரில் கழற்றிய இடத்தைப் பார்த்தார். "நல்லா பூட்டீக்கிறீங்களே. யாரு செஞ்ச?"

"நான்தான்," என்றாள் ஜஸ்லா. "கோவிச்சிக்க வாணாம். இத விக்கிறல்ல."

அன்ஸாப்பின் முகம் கறுத்தது. "என்ன தங்கச்சி இது, நீதானே—"

"நான்தான் செல்லினேன் நானா. நான்தான் வாணாங்கிறேன். பிழ என்ட."

தம்புள்ளைக்காரர் லொறியைவிட்டு விலகி வந்தார். "எங்க வீட்டுலயும் இப்பிடித்தான்," என்று சிரித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துப் போனார். அன்ஸாப் வாசல் படலையைக் கொஞ்சம் பலமாகத்தான் சாத்தினான். அவனை நாளைக்குப் போய் ஆற்றிக்கொள்ளலாம் என்று ஜஸ்லா நினைத்தாள்.

நுஹ்மான் கதிரையைவிட்டு எழுந்து லொறிக்கு முன்னால் நின்றான். "வயர் எட்டாட்டி நாளக்கி இன்னம் ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வாறேன். சுவிட்ச் என்ட பக்கம்தானே வரணும்."

"வாணாம். எட்டின எடத்துலயே வைக்கிறேன்."

"அது எடது பக்கம். லொறி ஓட்டிட்டே நான் எப்பிடி அங்கின எட்டிப் போடுற?"

"நீங்க போட வாணாம்."

அவன் லொறியின் இடது பக்கத்துச் சீட்டைப் பார்த்தான். விளங்கியதும், "எவ்ளோ நாளக்கி என்னோட வருவாய்?" என்றான்.

"ஒங்கட கை சரியாகும் வரக்கிம். இல்லாட்டி எனக்கி அலுக்கும் வரக்கிம்."

பொழுது மங்குகிற நேரத்தில் சுவிட்சைப் பூட்டி முடித்து அழுத்திப் பார்த்தார்கள். லைட் எரியவில்லை. பியூஸைக் கழற்றிப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டாளோ என்று பார்த்தார்கள், அதுவும் சரி. ஜஸ்லாவுக்கு அழுகையே வரும்போலிருந்தது. நுஹ்மான் குனிந்து விரலால் தடவிக்கொண்டே போனவன், கறுப்பு வயரைச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கியிருந்த இடத்தில் நின்றான். புதிதாக அடித்த சாயத்தின் மேலேயே நட்டு உட்கார்ந்திருந்தது. இரும்பில் படவில்லை.

"எர்த் எடுக்கல்ல. சாயத்தச் சொரண்டணும்."

அவள் அரத்தாளை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்தாள். கராஜ்காரர்கள் பளபளவென்று அடித்திருந்த நீலம் தூளாக உதிர்ந்தது. கீழே பழைய சாயம், அதற்கும் கீழே வெள்ளையாக இரும்பு. நட்டைத் திரும்ப முறுக்கிவிட்டு அவள் ஏறிப் போய்ச் சுவிட்சை அழுத்தியதும், முற்றத்துக்கு அப்பால் பாக்குமரங்கள், மதில், மதிலுக்கு அப்பால் புகையிரதப் பாதைவரை எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த றுஸ்னா "வாப்பா!" என்று கத்திக்கொண்டு வெளிச்சத்துக்குள் பாய்ந்து ஆடத் தொடங்கினாள்.

அடுத்த கிழமை றுஸ்னாவை ஜஸ்லாவின் மூத்த சகோதரியான ராத்தா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் வில்கமுவைக்குப் போனார்கள். போகும்போது அவன் மிக மெதுவாக ஓட்டினான், பின்னால் வந்தவர்கள் ஹோன் அடித்தார்கள். கமக்காரர்கள் அவனைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் இவளுக்கு ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்தார். ஏற்றி முடித்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காட்டுப் பாதைக்குள் நுழைந்ததும் நுஹ்மான் வேகத்தை இன்னும் குறைத்தான்.

"போடு," என்றான்.

அவள் அழுத்தினாள். சாம்பல் சுவராக இருந்த காடு தனித்தனி மரமானது. இலுக்குப் புல், கறையான் புற்று, புற்றுக்குப் பின்னால் ஒரு பாறை, அதன் மேல் படர்ந்த கொடி. அவன் மூச்சை விடுவது அவளுக்குக் கேட்டது.

கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. பின்சீட்டில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஒரு பிள்ளை. வெளிச்சம் தாங்காமல் அந்தப் பெண் கையைக் கண்ணுக்குக் குறுக்கே பிடித்தாள். அவன் சொல்லும் முன்பே ஜஸ்லா சுவிட்சை அணைத்துவிட்டாள். நுஹ்மான் உள்ளங்கையால் கியரைத் தள்ளி, சாதாரண விளக்கில் லொறியை ஓரமாக்கி நிறுத்தினான். சைக்கிள் ஜன்னலுக்குக் கிட்ட வந்ததும் அந்தப் பெண் நின்று சிங்களத்தில் சொன்னாள்: "குளக்கட்டுப் பக்கம் யானை ஒன்று நிற்கிறது. ஆறுதலாகப் போங்கள்."

நுஹ்மான் அவளுக்கு நன்றி சொன்னான். பிறகு ஜஸ்லாவைப் பார்த்தான். "கொஞ்சம் நின்டு போவமா?"

ஜஸ்லா பக்கவாட்டுக் கண்ணாடியில் அந்த வெள்ளைச் சட்டை சிறுத்துப்போய் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் போங்க. நான் பாக்குறேன்."

லொறி நகர்ந்தது. அவள் முன்னால் சாய்ந்து, இரு கண்ணையும் வீதியில் வைத்துக்கொண்டு, விரலால் சுவிட்சை அழுத்தினாள். வெளிச்சம் போய்ச் சேர்ந்த இடத்தில், அப்போதுதான் ஒடிக்கப்பட்ட ஒரு பச்சைக் கொப்பு வீதியோரம் கிடந்தது. அதன் இலைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.