காற்றை மட்டும் கேட்டவர்

என் வீட்டுக்காரர் பைக் ஓட்டிக்கொண்டே பேசி வீடியோ போடுகிறவர். மாதக்கணக்கில் அவர் பேசிய எதுவும் யாருக்கும் கேட்டதில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை காற்றுச் சத்தம்தான், ஒரே புர்ர்ர். "அண்ணா, மாவு மில்லுல நின்னுக்கிட்டா பேசுறீங்க?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மைக்கை ஹெல்மெட்டுக்குள் தாடைக்கு நேரே வைத்தார். கன்னத்துப் பஞ்சுக்குள் திணித்தார். ஹெல்மெட்டின் காற்றுத் துளைகளை டேப் போட்டு அடைத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். சோபா மெத்தையில் ஒரு மூலை ஸ்பாஞ்ச் காணாமல் போனது. அடுத்து மகளின் பொம்மைக் கரடிக்கு ஒரு காது போனது. மைக்குக்கு ரோமத்தில் உறை போட்டால்தான் காற்று அண்டாதாம்.

"கரடிக்கு ஒரு காது போதும்" என்றார். காதே இல்லாமல் ஒருவர் இந்த வீட்டில் நன்றாகத்தானே இருக்கிறார்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். வேறு ஊரில் திறக்கப்போகும் கிளையை நீயே பார்த்துக்கொள் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும். வாரம் முழுக்க இவரிடம் பேச்செடுத்தேன். "ஒரு நிமிஷம் இரு" என்று ஹெட்போனை மாட்டிக்கொள்வார். போகாதே என்றோ, எல்லாருமே போய்விடலாம் என்றோ ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஞாயிறு காலை, கரடிக் காது போட்ட மைக்கை என் ஹெல்மெட்டுக்குள் பொருத்தினார். "பின்னாடி உக்காந்து பேசிக்கிட்டே வா. நிறுத்தாத."

"என்னங்க பேச?"

"எதையாவது பேசு. வீட்டுக்கு வந்து ஒண்ணு விடாம கேக்கப்போறேன்."

கேட்கப்போகிறாராம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய ரோடு ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். கிளை, மகளின் பள்ளிக்கூடம், தெரியாத ஊரில் தனியாக இருக்க எனக்குள்ள பயம், எல்லாம். "நீங்களும் வந்துடுங்களேன்" என்னும்போது குரல் உடைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையாட்டினார். மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லவே இல்லடி!"

"எது?"

"காத்து!"

எழுந்து போய் முதலாளியம்மாவுக்கு போன் செய்து, கிளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இவர் அந்தப் பதிவை அப்படியே வீடியோவில் சேர்த்து, காற்றை ஒழித்துக்கட்டிய கதை என்று தலைப்புப் போட்டு ஏற்றினார்.

சாயங்காலம் போனும் கையுமாகச் சமையலறைக்கு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. திரையில் முதல் ஆள் எழுதியிருந்தார்: "அண்ணா, சத்தம் அவ்வளவு சுத்தம். அண்ணிகூட நீங்களும் போறீங்கதானே?" அதற்குக் கீழே இன்னொருவர்: "பாவம் அண்ணி. பதில் சொல்லுங்கண்ணா."

"நீ எங்க போற? எங்கிட்ட எப்ப சொன்ன?"

அடுப்பை அணைத்தேன்.

"அறுபதுல போறப்ப ஒரு தடவ சொன்னேன். எண்பதுல போறப்ப அழுதுக்கிட்டே சொன்னேன்."