விற்பவன் வீட்டுச் சட்டி

போன கிழமை வாங்கிய நெட்வேர்க் காட் ஒன்றைக் கணினிக் கடை மேசையில் டக்கென்று வைத்தாள் ஜோசப்பின். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வளர்த்த கோபம் அது.

"ரெண்டு நாள்கூட ஓடேல்லை தம்பி. செத்துப்போச்சு."

கடைக்காரன் சதீஸ் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "மின்னல் அடிச்சிருக்கும் அக்கா. மின்னலுக்கு வாரண்டி இல்லை."

"ஆடி மாசத்தில என்ன மின்னல்?"

"அப்ப கடற்கரை உப்புக்காத்து. அதுக்கும் இல்லை."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வானத்துக்கும் இல்லை, கடலுக்கும் இல்லையெண்டால், முல்லைத்தீவுச் சனத்துக்கு உந்தச் சாமானை ஏன் விக்கிறீர்?"

நாளைக் காலையில் அவளுக்கு வேலைக்கான தேர்வு. வீட்டில் இருந்தபடியே கணினி வழியாக வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. இணையத்துக்கு வயர் இணைப்பு இல்லாதவர்களை எடுக்கமாட்டார்கள். அவளுடைய கணினியிலோ வயர் பூட்டும் இடமே பழுது; அதற்குத்தான் இந்தக் காட். புருசன் யாக்கோப்பின் வலையில் இந்த வருசம் மீனைவிடத் தண்ணீர்தான் கூட. இந்த வேலையும் போனால் வேறு வழியில்லை.

"விலை கூடினதை எடுங்கோ அக்கா. அது நல்ல சாமான்."

"அப்ப போன கிழமை தந்தது?"

கழற்றிய பழைய காட் ஒன்றைத்தான் அன்றைக்கு அவள் கேட்டாள். 'பழசை நம்பேலாது' என்று சொல்லிப் புதுசைத் தலையில் கட்டியவன் இவன். அது வந்த வெள்ளைப் பெட்டியின் மினுக்கத்துக்கு ஏமாந்த தன்னையும் சேர்த்தே அவள் மனதுக்குள் திட்டினாள். கரையில் பிறந்தவள் ஏமாறலாமா? எது நல்ல மீன் என்று வியாபாரியைக் கேட்கக்கூடாது. தன் வீட்டுச் சட்டிக்கு அவன் எதை ஒதுக்கி வைக்கிறான் என்றுதான் பார்க்க வேண்டும்.

மேசைக்குப் பின்னால் சதீஸின் கணினி மூடியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தாள். உள்ளே தூசி படிந்த காட் ஒன்று பச்சை லைட்டை மினுக்கிக்கொண்டிருந்தது.

"உது புதுசோ?"

"இல்லை... கழட்டின சாமான். நாலஞ்சு வருசமாக் கிடக்கு."

"பழசை நம்பேலாது எண்டனீர்?"

சதீஸ் கணினியின் மூடியை எட்டி எடுத்தான்.

"கழட்டும். நான் தந்த காசுக்கு உந்தக் காட்டே காணும், வேறை வேண்டாம்."

"அக்கா, அப்ப எனக்கு?"

"உமக்கென்ன, பெட்டி பெட்டியாப் புதுசு கிடக்கு. ஒண்டை எடுத்துப் பூட்டும்."

பின்னால் சாமான் வாங்க நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சதீஸ் முறுகிக்கொண்டே திருப்புளியை எடுத்தான். "இதுக்கு வாரண்டி தரமாட்டன்."

"வேண்டாம். நீரே நாலஞ்சு வருசம் வைச்சுப் பாவிச்சனீர். அது காணும்."

காட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் திரும்பிப் பார்த்தாள். சதீஸ் புதுப் பெட்டிகளின் பக்கமே போகவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பழைய சாமான்களைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

மேசைக்கு முன்னால் அதே மாதிரி வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் காசை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பொறும் பிள்ளை," என்றாள் ஜோசப்பின், கடை முழுக்கக் கேட்கும்படி. "அவர் தனக்கு எதை எடுக்கிறார் எண்டு பாத்திட்டு வாங்கும்."