மிம்பாவின் சீமைப்பலா

பிரிஸ்டலில் இருக்கும் தோட்ட முதலாளி ஸ்ட்ரோடு துரை எங்கள் ஜமைக்காவில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால் எங்கள் கரும்பில்தான் அவனுக்கு ஐந்து கப்பலும் ஒரு மாளிகையும். அடிமைகளை விட்டுவிடச் சொல்லிச் சட்டம் வந்தபோது எங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. அவனுக்கு மட்டும் தலைக்கு இத்தனை பவுன் என்று நஷ்டஈடு! அடிபட்டவள் நான், களிம்பு அவனுக்கா?

இந்த ஜனவரி அறுவடையின்போது அவனிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் முற்றத்துப் பழமரங்களை எல்லாம் வெட்டவேண்டுமாம். வயிறு காய்ந்தால்தான் கூலிக்கு வருவோமாம். கங்காணி மக்ரே முதலில் என் முற்றத்துக்கே ஆள் அனுப்பினான்.

அங்கே நிற்கும் சீமைப்பலாவின் அடியில் என் மகள் மிம்பாவின் தொப்புள்கொடி இருக்கிறது. கொடி புதைத்த மரம் பிள்ளையுடையது. எங்களுக்குள் அதுதான் வழக்கம். எட்டு வயதில் அவளை விற்று வண்டியில் ஏற்றினார்கள். "உன் மரம் நிக்கிற இடம்தான்டி உன் வீடு, தேடி வந்துரு!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். இப்போது விடுதலையானவர்கள் ஊர் ஊராக நடந்து சொந்தங்களைத் தேடுகிறார்கள். அவள் வந்து மரத்தைக் காணாவிட்டால் என்ன செய்வாள்?

கோடாலியோடு வந்தவன் அடுத்த வீட்டுக் குவாக்கோ.

"வெட்டுடா. முதல்ல என்னை வெட்டு," என்று மரத்தடியில் உட்கார்ந்தேன்.

"கோவிச்சுக்காதக்கா. நான் கூலிக்கு வந்தவன்."

"உன் புள்ள கொடியும் உன் மாமரத்தடியிலதானே கெடக்கு? நாளைக்கு அதையும் வெட்டுவியா?"

அவன் கோடாலியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். விஷயம் பரவி, ஆலையில் பிழிகிறவர்களும் சாறு காய்ச்சுகிறவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். வெட்டிய கரும்பு ஆலை வாசலில் குவிந்து கிடந்தது. இரண்டு நாளில் பிழியாவிட்டால் புளித்துப்போகும்.

மறுநாள் மக்ரே வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "சரி பெனெபா, உன் மரம் நிக்கட்டும். யார் மரத்தையும் வெட்டல. எல்லாரும் போய் அடுப்பைப் பத்த வைங்க."

மற்றவர்கள் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"என் மகளை எந்த ஊருக்கு வித்தீங்க? அதைச் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? ஆளை வித்த சீட்டெல்லாம் பிரிஸ்டல்ல துரைகிட்ட இருக்கு."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பெற்றவளுக்குத் தெரியாதது, கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தெரியுமா!

"அப்ப அவனையே வரச் சொல்லு. அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு வந்து, அவனே சாறு காய்ச்சட்டும்!"

குவாக்கோதான் முதலில் உட்கார்ந்தான். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் துரையின் கரும்பு புளித்த வாடை ஊரெல்லாம் அடித்தது. ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.